டாட்நெட்டில் ஒரு பொருள் தன் விவரத்தை ஒப்படைப்பது எப்படி?

மைக்ரோசாஃப்டின் நிரலெழுதும் கருவியான விசுவல் ஸ்டுடியோவில் ஒரு படிவத்தின் மீது பொத்தான் ஒன்றை வைத்து அதைத் தேர்ந்தெடுத்தால், திரையின் ஓரத்தில் உள்ள பண்புகள் சாளரம் அதன் பெயர், நிறம், எழுத்துரு, அகலம், உயரம் என்று நீண்ட பட்டியலைக் காட்டுகிறது. பொத்தானுக்கான வகுப்பை, அதாவது அந்த வகைப் பொருள்களுக்கான வார்ப்பு நிரலை, எழுதியவர் அந்தப் பட்டியலை வரைந்து கொடுக்கவில்லை. சாளரத்தை எழுதியவருக்கோ நீங்கள் நாளை எழுதப்போகும் வகுப்பைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. இருந்தும் உங்கள் வகுப்பின் பொருளும் அதே சாளரத்தில் ஒழுங்காக வந்து நிற்கும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பொருளிடம் என்னென்ன பண்புகள் உள்ளன, ஒவ்வொன்றும் எந்த வகையைச் சேர்ந்தது, எதை மாற்றலாம், எதைப் படிக்க மட்டும் முடியும் என்று கேட்டறியும் வசதி இருப்பதால்தான் இது நடக்கிறது. இந்தத் தகவலை மீத்தரவு, அதாவது மெட்டாடேட்டா, என்கிறோம்.

அந்தக் கேள்விக்கு யார் பதில் தருகிறார்கள் என்பதே இங்கே நாம் பார்க்கப்போவது. பொருளே நேரடியாகப் பதில் தருவதாகத் தோன்றினாலும், நிரல்களை எழுதி இயக்க மைக்ரோசாஃப்ட் தரும் டாட்நெட் கட்டமைப்பில் அந்தக் கேள்வி பல கைகள் மாறித்தான் பதிலை அடைகிறது. அந்தக் கைமாற்றத்தின் நடுவே நாமும் நுழையலாம். நுழைந்தபின் எதற்கு நாமே பதில் சொல்ல வேண்டும், எதை அடுத்தவரிடம் அப்படியே அனுப்பிவிட வேண்டும் என்பதைச் சரியாக வரையறுப்பதில்தான் இந்த நுட்பத்தின் முழுக் கடினமும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் வழக்கமான பாதையைப் பார்த்துவிடலாம். டாட்நெட் மொழிகளில் ஒன்றான சி ஷார்ப்பில் எழுதிய நிரலைக் கம்பைலர் மொழிமாற்றும்போது, ஒவ்வொரு வகுப்பின் பெயர், அதன் பண்புகள், செயற்கூறுகள் (பெயர் சொல்லி அழைக்கத்தக்க செயல்கள்), அவற்றின் வகைகள் ஆகிய அனைத்தையும் வெளியீட்டுக் கோப்பிலேயே பதிந்து வைக்கிறது. நிரல் ஓடும்போது ரிஃப்ளெக்‌ஷன் என்ற வசதி அந்தப் பதிவைப் படித்துச் சொல்கிறது. எந்தப் பொருளிடமும் கெட்டைப் என்ற செயற்கூற்றை அழைத்தால் அதன் வகையைக் குறிக்கும் டைப் என்ற பொருள் கிடைக்கும். அதனிடம் பண்புகளைக் கேட்டால் கம்பைலர் எழுதி வைத்த பட்டியல் அப்படியே வரும். கெட்டைப் என்ற செயற்கூற்றை வழிவந்த வகுப்பு எதுவும் மாற்றி எழுத முடியாதபடி டாட்நெட் வைத்திருக்கிறது. ஆகவே ஒரு பொருள் தன் வகையை மறைத்து வேறொரு வகையாகத் தன்னைக் காட்டிக்கொள்ள இயலாது. வகைகளின் பாதுகாப்பை நம்பி நிற்கும் ஒரு தளத்துக்கு இந்தக் கண்டிப்பு அவசியம்.

ஆனால் அதே கண்டிப்பு சில இடங்களில் தடையாகிவிடுகிறது. தரவுத்தளத்திலிருந்து வந்த ஒரு அட்டவணையின் வரிசையைக் குறிக்கும் டேட்டா ரோ வியூ என்ற வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அட்டவணையில் வாடிக்கையாளர் பெயரும் ஊரும் இருக்கலாம், அல்லது மருந்தின் பெயரும் காலாவதி நாளும் இருக்கலாம். வகுப்பை மைக்ரோசாஃப்டில் எழுதியபோது இவை எதுவும் தெரியாது. ரிஃப்ளெக்‌ஷனிடம் கேட்டால் அந்த வகுப்புக்கு உரிய சில பொதுப் பண்புகளை மட்டுமே சொல்லும், ஒரு நெடுவரிசையின் பெயர்கூடக் கிடைக்காது. பயனருக்கு வேண்டியதோ நெடுவரிசைகள்தான்.

படிவ வடிவமைப்பிலேயே இன்னும் இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. டூல்டிப் என்ற உறுப்பை ஒரு படிவத்தில் சேர்த்தவுடன், அங்குள்ள பொத்தான், உரைப்பெட்டி போன்ற ஒவ்வொன்றின் பண்புப் பட்டியலிலும் குறிப்புரைக்கான புதிய வரி ஒன்று முளைக்கிறது. பொத்தானின் வகுப்பில் அப்படி ஒரு பண்பு கிடையாது. டூல்டிப் அதைக் கடனாகக் கொடுக்கிறது. அடுத்தது, ஓர் உறுப்பு கண்ணுக்குத் தெரியுமா என்பதைச் சொல்லும் விசிபிள் என்ற பண்பு. வடிவமைக்கும்போது அதை இல்லை என்று மாற்றினால் உறுப்பு உண்மையிலேயே மறைந்துவிடக் கூடாது, மறைந்தால் அதைத் திரும்பத் தேர்ந்தெடுக்க வழியிருக்காது. ஆகவே வடிவமைப்பான் அந்தப் பண்பின் இடத்தில் தன்னுடைய பதிலிப் பண்பை வைத்து, நீங்கள் கொடுத்த மதிப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறது. உறுப்பு திரையில் அப்படியே இருக்கிறது. இந்த மூன்றிலும் பொருளின் வகை ஒன்றாகவும், அது தன்னைப் பிறருக்குக் காட்டிக்கொள்ள வேண்டிய விதம் வேறாகவும் இருப்பதைக் கவனியுங்கள்.

வகையிலிருந்து வேறுபட்டுத் தன்னைக் காட்டிக்கொள்ளும் இந்தத் தேவைக்காகத்தான், 2002-இல் வெளியான டாட்நெட்டின் முதல் பதிப்பிலிருந்தே சிஸ்டம் காம்பொனென்ட் மாடல் என்ற பெயர்வெளியில், அதாவது வகுப்புகளின் தொகுப்பில், டைப் டிஸ்கிரிப்டர் என்ற வகுப்பு இருந்து வருகிறது. பண்புகள் சாளரம் ரிஃப்ளெக்‌ஷனிடம் நேரடியாகப் போவதில்லை. டைப் டிஸ்கிரிப்டரிடம் கேட்கிறது. தரவை அட்டவணையாகக் காட்டும் டேட்டா கிரிட் வியூவுக்கு அடிப்படையான, படிவங்களை அமைக்கும் விண்டோஸ் ஃபார்ம்ஸ் நூலகத்தின் தரவுப் பிணைப்பும் அதனிடமே கேட்கிறது. இந்த வகுப்பை ஓர் அலுவலகத்தின் விசாரணை மேசையாக நினைத்துக்கொள்ளலாம்: கேள்வியை அது வாங்கிக்கொள்கிறது, பதில் சொல்ல உரியவர் யாரேனும் முன்வந்திருக்கிறாரா என்று பார்க்கிறது, ஒருவரும் இல்லையென்றால் ரிஃப்ளெக்‌ஷன் சொல்வதை எடுத்துக் கொடுக்கிறது.

அது திருப்பித் தரும் பதிலின் வடிவமும் முக்கியமானது. ரிஃப்ளெக்‌ஷன் ஒரு பண்பைப் பற்றித் தரும் பிராப்பர்ட்டி இன்ஃபோ, வகுப்பில் உண்மையாகவே எழுதப்பட்ட ஒரு பண்பைச் சுட்டுகிறது. டைப் டிஸ்கிரிப்டர் தருவதோ பிராப்பர்ட்டி டிஸ்கிரிப்டர் என்ற விவரிப்பான். இது ஓர் அருவ வகுப்பு, அதாவது நேரடியாகப் பொருளை உருவாக்க முடியாத, வழிவந்த வகுப்புகளுக்கு அடிப்படையாக மட்டும் நிற்கும் வகுப்பு; பண்பின் வகை என்ன, அது எந்த வகுப்பைச் சேர்ந்தது, படிக்க மட்டுமேயா, ஒரு பொருளைக் கொடுத்தால் அதன் மதிப்பு என்ன, மதிப்பை எப்படி மாற்றுவது, முதல்நிலைக்குத் திருப்ப முடியுமா, திருப்புவது எப்படி, சேமிக்கத் தேவை உண்டா என்ற 8 விஷயங்களை நிரப்பும் எவரும் ஒரு விவரிப்பானை எழுதலாம். அதன் பின்னால் உண்மையான பண்பு ஒன்று இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பண்பைப் பற்றிய தகவலும், பண்பைப் படிக்கும் வழியும் ஒரே விவரிப்பானுக்குள் இருப்பதால், கேட்பவர் உள்ளே என்ன நடக்கிறது என்று அறியாமலேயே மதிப்பைப் பெற்றுவிடுகிறார்.

இனி ஒப்படைப்பு எப்படி நடக்கிறது என்பதற்கு வருவோம். பொருளே முன்வந்து, தன்னைப் பற்றிய கேள்விகளுக்குத் தானே பதில் தருவதாக அறிவிப்பது முதல் வழி. அதற்கு அதன் வகுப்பு ஐ-கஸ்டம் டைப் டிஸ்கிரிப்டர் என்ற இடைமுகத்தை, அதாவது ஒரு வகுப்பு எழுதித் தர வேண்டிய செயற்கூறுகளின் பட்டியலை, செயல்படுத்த வேண்டும். அந்த இடைமுகத்தின் மூல வடிவத்தில் 12 செயற்கூறுகள் உள்ளன: வகுப்பின் பெயர், உறுப்பின் பெயர், வகுப்பின் மீதோ பண்பின் மீதோ ஒட்டப்படும் குறிப்புகளான அட்ரிபியூட்டுகள், மதிப்புகளை உரையாக மாற்றித் தரும் கன்வெர்ட்டர், திருத்தி, இயல்பான பண்பு, இயல்பான நிகழ்வு, நிகழ்வுகளின் பட்டியல் இரண்டு வடிவங்களில், பண்புகளின் பட்டியல் இரண்டு வடிவங்களில், கடைசியாக ஒரு பண்புக்கு உரிமையாளர் யார் என்று கேட்கும் கெட் பிராப்பர்ட்டி ஓனர். இடைமுகம் பெரிதாக இருப்பதைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. பெரும்பாலான வகுப்புகள் இவற்றில் இரண்டு அல்லது மூன்றுக்குத்தான் சொந்தமாகப் பதில் வைத்திருக்கும். மற்றவற்றை டைப் டிஸ்கிரிப்டருக்கே திருப்பி அனுப்பினால் போதும்.

ஒரு வானிலை நிலையத்தைக் குறிக்கும் வகுப்பை உதாரணமாக வைத்துக்கொள்வோம். நிலையத்தின் பெயர், அது கடல் மட்டத்திலிருந்து இருக்கும் உயரம் ஆகிய இரண்டும் எல்லா நிலையத்துக்கும் பொதுவானவை. அவற்றை வகுப்பிலேயே பண்புகளாக எழுதிவிடுகிறோம். அளவீடுகளோ நிலையத்துக்கு நிலையம் மாறும். ஒன்றில் வெப்பநிலையும் ஈரப்பதமும் மட்டும் அளக்கப்படலாம், இன்னொன்றில் மழையளவும் காற்றின் வேகமும் சேரலாம். எனவே அளவீடுகளைப் பெயருக்கு ஒரு மதிப்பு என்ற முறையில் ஓர் அகராதிக்குள், அதாவது டிக்‌ஷனரிக்குள், வைக்கிறோம். இந்த நிலையத்தை இப்படியே பண்புகள் சாளரத்தில் கொடுத்தால் பெயரும் உயரமும் வரும். அளவீடுகள் தனித்தனி வரிகளாக வரமாட்டா. பயனர் பார்க்க விரும்புவது, வெப்பநிலை என்று ஒரு வரி, ஈரப்பதம் என்று ஒரு வரி.

இதைச் சாதிக்க, வகுப்பில் அந்த இடைமுகத்தைச் செயல்படுத்தி, பண்புகளின் பட்டியலைக் கேட்கும் கெட் பிராப்பர்ட்டீஸ் என்ற செயற்கூற்றில் மட்டும் நம் வேலையைச் செய்கிறோம். முதலில் டைப் டிஸ்கிரிப்டரிடமே இந்தப் பொருளின் வழக்கமான பண்புகளைக் கேட்டு வாங்குகிறோம். பெயரும் உயரமும் அதில் வந்துவிடும். பிறகு அகராதியில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் நாமே எழுதிய விவரிப்பான் ஒன்றை உருவாக்கி அந்தப் பட்டியலோடு சேர்க்கிறோம். சேர்த்த பட்டியலைத் திருப்பித் தருகிறோம். மீதமுள்ள செயற்கூறுகளில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: அதே கேள்வியை டைப் டிஸ்கிரிப்டருக்கு அனுப்பும் வரி.

அந்த ஒரு வரியில்தான் தொடக்கநிலையினர் பெரும்பாலும் விழும் குழி இருக்கிறது. டைப் டிஸ்கிரிப்டரிடம் இந்தப் பொருளின் பண்புகளைக் கொடு என்று கேட்டால் அது என்ன செய்யும்? பொருள் ஐ-கஸ்டம் டைப் டிஸ்கிரிப்டரைச் செயல்படுத்தியிருக்கிறதா என்று பார்க்கும். செயல்படுத்தியிருப்பதால் கேள்வியை மறுபடியும் பொருளிடமே அனுப்பும். பொருள் மறுபடியும் டைப் டிஸ்கிரிப்டரிடம் கேட்கும். இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டே இருக்க, அழைப்புகளைக் குறித்து வைக்கும் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதி நிரம்பி நிரல் நின்றுவிடும். டாட்நெட் 2.0 முதல் இந்த ஸ்டாக் ஓவர்ஃபுளோ பிழையைப் பிடித்துச் சமாளிக்கவும் முடியாது. முழு நிரலும் அங்கேயே முடிந்துவிடும். இதைத் தவிர்ப்பதற்காகவே டைப் டிஸ்கிரிப்டரின் செயற்கூறுகளுக்குக் கூடுதலாக ஓர் உண்மை–பொய் மதிப்பை ஏற்கும் வடிவம் தரப்பட்டிருக்கிறது. அதில் உண்மை என்று கொடுத்தால், பொருள் தனக்கென வைத்திருக்கும் விவரிப்பைப் பொருட்படுத்தாமல் அடிப்படைப் பதிலை மட்டும் கொடு என்று அர்த்தம். சிறிய ஒரு சொல்தான் என்றாலும், ஒப்படைப்பின் இலக்கணம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது: கேள்வியை அனுப்பும்போது, அது திரும்பி நம்மிடமே வந்து சேராத ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

பண்புகளின் பட்டியலுக்கு இரண்டு வடிவங்கள் இருப்பதையும் மறந்துவிடக் கூடாது. ஒன்று எதையும் ஏற்காமல் முழுப் பட்டியலைத் தரும். மற்றொன்று சில அட்ரிபியூட்டுகளை வடிகட்டியாக ஏற்று, அவற்றுக்குப் பொருந்தும் பண்புகளை மட்டும் தரும். பண்புகள் சாளரம், பயனருக்குக் காட்டத்தக்கவை மட்டும் என்ற வடிகட்டியோடு இரண்டாவது வடிவத்தைப் பயன்படுத்துகிறது. முதல் வடிவத்தில் மட்டும் அளவீடுகளைச் சேர்த்துவிட்டு இரண்டாவதை அப்படியே டைப் டிஸ்கிரிப்டருக்கு அனுப்பிவிட்டால், சோதனை நிரலில் வெப்பநிலை தெரியும், சாளரத்தில் தெரியாது. காரணம் எங்கே என்று தேடுவது எளிதல்ல. வேலையை ஒரே இடத்தில் எழுதி, இரண்டு வடிவங்களும் அதையே அழைக்கும்படி அமைப்பது நல்லது.

விவரிப்பானை எழுதுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வெப்பநிலைக்கான விவரிப்பானை உருவாக்கும்போது, கையில் இருக்கும் நிலையத்தையே அதற்குள் பிடித்து வைத்துக்கொண்டு, மதிப்பைக் கேட்டால் அந்த நிலையத்தின் அகராதியிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம் என்று தோன்றும். ஒரே ஒரு நிலையத்தைச் சாளரத்தில் காட்டும்வரை இது சரியாகவே வேலை செய்யும். பத்து நிலையங்களை ஓர் அட்டவணையில் காட்டும்போது நிலைமை மாறுகிறது. அட்டவணை, நெடுவரிசைகளுக்கான விவரிப்பான்களை ஒருமுறை பெற்றுக்கொண்டு, ஒவ்வொரு வரிசைக்கும் அதே விவரிப்பானிடம் அந்த வரிசையின் பொருளைக் கொடுத்து மதிப்பைக் கேட்கிறது. விவரிப்பான் தான் பிடித்து வைத்த நிலையத்தையே பார்த்தால், பத்து வரிசையிலும் ஒரே வெப்பநிலை தெரியும். பிழை என்று எதுவும் எழாமல் தவறான எண்கள் மட்டும் திரையில் நிற்பதால் இது ஆபத்தானது. எனவே விவரிப்பான் பண்பின் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, பொருளை ஒவ்வொரு முறையும் கேட்பவர் கொடுப்பதிலிருந்தே எடுக்க வேண்டும். அந்தப் பொருளிடம் அப்படி ஓர் அளவீடே இல்லாதபோது என்ன தருவது என்பதையும் அங்கேயே முடிவு செய்துவிட வேண்டும்.

கெட் பிராப்பர்ட்டி ஓனர் என்ற செயற்கூறு முதற்பார்வையில் தேவையற்றதாகத் தோன்றும். வானிலை நிலையத்தின் எல்லாப் பண்புகளும் நிலையத்துடையவைதானே, எனவே அது தன்னையே திருப்பித் தந்தால் போதும். அதன் அவசியம், ஒரு பொருள் இன்னொரு பொருளைத் தனக்குள் போர்த்தி வைத்து, அதன் விவரத்தைத் தன் விவரமாகக் காட்டும்போதுதான் தெரியவருகிறது. உதாரணமாக, ஓர் ஊழியர் பொருளைச் சுற்றி ஒரு போர்வை வகுப்பை எழுதி, ஊழியரின் பண்புகளில் சம்பளத்தை மட்டும் நீக்கிவிட்டு மற்றவற்றைக் காட்ட நினைக்கிறோம். பண்புகளின் பட்டியலை உள்ளே இருக்கும் ஊழியரிடமிருந்து வாங்குகிறோம். அந்த விவரிப்பான்கள் ரிஃப்ளெக்‌ஷன் வழியாக வந்தவை. அவை ஊழியர் பொருளைத்தான் எதிர்பார்க்கின்றன. பண்புகள் சாளரமோ போர்வையைத்தான் கையில் வைத்திருக்கிறது. போர்வையை அந்த விவரிப்பானிடம் கொடுத்தால் பொருளின் வகை பொருந்தவில்லை என்ற பிழைதான் மிஞ்சும். அதனால் சாளரம் மதிப்பைப் படிப்பதற்கு முன் இந்தப் பண்பின் உரிமையாளர் யார் என்று போர்வையிடம் கேட்கிறது. போர்வை உள்ளே இருக்கும் ஊழியரைத் திருப்பித் தர வேண்டும். விவரத்தை யாரிடமிருந்து வாங்கினோமோ, மதிப்பையும் அவரிடமே கேட்கச் சொல்ல வேண்டும். பட்டியலை ஒப்படைத்துவிட்டு உரிமையை ஒப்படைக்க மறப்பது, பாதி வேலையை மட்டும் செய்ததாகும்.

இத்தனை செயற்கூறுகளையும் ஒவ்வொரு வகுப்பிலும் திரும்பத் திரும்ப எழுதுவது சலிப்பூட்டும் என்பதோடு, இன்னொரு அடிப்படைக் குறையும் இந்த முதல் வழியில் இருந்தது. வகுப்பின் மூலநிரல் நம் கையில் இருந்தால்தான் இடைமுகத்தை அதில் சேர்க்க முடியும். வேறொருவர் எழுதி மூடிக் கொடுத்த வகுப்புக்கு இது உதவாது. 2005-இல் வந்த டாட்நெட் 2.0 இந்த இரண்டு குறைகளையும் தீர்த்தது. இந்த வடிவமைப்பில் நான் மிகவும் மதிக்கும் பகுதியும் இதுதான்.

முதல் குறைக்கு விடையாகக் கஸ்டம் டைப் டிஸ்கிரிப்டர் என்ற அருவ வகுப்பு வந்தது. இது இடைமுகத்தின் எல்லாச் செயற்கூறுகளையும் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. உருவாக்கும்போது பெற்றோராக இன்னொரு விவரிப்பை அதனிடம் கொடுக்கலாம்; கொடுத்தால், வரும் ஒவ்வொரு கேள்வியையும் அது பெற்றோரிடம் அனுப்பி, பெற்றோர் தரும் பதிலையே தன் பதிலாகத் தரும். நாம் வழிவந்த வகுப்பு ஒன்றை எழுதி, நமக்கு மாற்ற வேண்டிய செயற்கூற்றை மட்டும் மாற்றி எழுதினால் போதும். பெற்றோரைக் கொடுக்காவிட்டால் அது வெற்றுப் பட்டியல்களைத்தான் தரும், பிழை எதையும் எழுப்பாது. பண்புகள் சாளரம் காரணமில்லாமல் காலியாகத் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இரண்டாவது குறைக்கு விடை டைப் டிஸ்கிரிப்ஷன் புரொவைடர் என்ற வழங்குநர். இது பொருளுக்கு வெளியே நிற்கிறது. ஒரு வகையைப் பற்றியோ அதன் ஒரு பொருளைப் பற்றியோ கேள்வி வரும்போது, அதற்கான விவரிப்பை உருவாக்கித் தருவது இதன் பொறுப்பு. டைப் டிஸ்கிரிப்டரின் ஆட் புரொவைடர் என்ற செயற்கூற்றின் மூலம் எந்த வகைக்கும், விரும்பினால் குறிப்பிட்ட ஒரே ஒரு பொருளுக்கும், ஒரு வழங்குநரைப் பதிவு செய்யலாம். வகுப்பின் மூலநிரலைத் தொட வேண்டியதில்லை. வகுப்பு நம்முடையதாக இருந்தால், அதன் தலைமேல் ஓர் அட்ரிபியூட்டாகவும் வழங்குநரைக் குறித்துவிடலாம்.

ஒரு வகைக்குப் பல வழங்குநர்கள் இருக்கலாம். கடைசியாகப் பதிவானவரிடம்தான் கேள்வி முதலில் போகும். அவர் தன் பெற்றோர் வழங்குநரிடம் ஒரு விவரிப்பை வாங்கி, அதைத் தன் கஸ்டம் டைப் டிஸ்கிரிப்டரால் போர்த்தித் திருப்பித் தருவார். அந்தப் பெற்றோரும் இதையே தனக்கு முந்தையவரிடம் செய்வார். இந்தச் சங்கிலியின் அடியில் ரிஃப்ளெக்‌ஷனைப் படிக்கும் உள்வழங்குநர் நிற்கிறார். ஒவ்வொருவரும் தனக்குரிய ஒரு மாற்றத்தை மட்டும் செய்து மற்றதை அப்படியே விட்டால், ஒரு வழங்குநர் பண்புகளுக்குத் தமிழ்ப் பெயர்களைக் கொடுக்கவும், மற்றொருவர் அனுமதியில்லாத பயனருக்குச் சில பண்புகளை மறைக்கவும், ஒருவரை ஒருவர் அறியாமலேயே ஒத்துழைக்க முடியும். யாரேனும் ஒருவர் பெற்றோரைக் கேட்காமல் முழுப் பட்டியலையும் தானே கட்டிக் கொடுத்தால், அவருக்குக் கீழே இருப்பவர்கள் செய்த வேலை அனைத்தும் வீணாகும்.

முன்பு பார்த்த முடிவில்லாச் சுழல் இங்கும் வேறு உருவத்தில் காத்திருக்கிறது. பெற்றோர் வழங்குநர் யார் என்பதை, நம் வழங்குநரைப் பதிவு செய்வதற்கு முன்பே கெட் புரொவைடர் என்ற செயற்கூற்றால் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பதிவு செய்த பிறகு, ஒவ்வொரு கேள்வியின்போதும் புதிதாகக் கேட்டால், அப்போது சங்கிலியின் தலையில் நிற்பவர் நாமாகவே இருப்போம்; நம்மையே நம் பெற்றோராகப் பெற்றுச் சுழலத் தொடங்குவோம்.

வழங்குநரிடம் கேள்வி வரும்போது வகையும் பொருளும் சேர்ந்து வரும். ஆனால் பொருளின் இடம் வெறுமையாக, அதாவது நல் (null) என்ற வெற்று மதிப்பாக, இருக்கவும் வாய்ப்புண்டு: பொருள் எதுவும் இன்னும் உருவாகாத நிலையில் வகையைப் பற்றி மட்டும் யாராவது கேட்டிருப்பார்கள். வானிலை நிலையத்தின் அளவீடுகளைப் போலப் பொருளுக்குப் பொருள் மாறும் பண்புகளை வைத்திருப்பவர் இந்த நிலையைத் தனியாகக் கையாள வேண்டும்.

இதே சிக்கலின் இன்னொரு முகத்தை டேட்டா ரோ வியூவில் காணலாம். அந்த வகுப்பு ஐ-கஸ்டம் டைப் டிஸ்கிரிப்டரைச் செயல்படுத்தியிருக்கிறது. பண்புகளைக் கேட்டால் தன்னிடம் எதையும் தேடாமல், தான் சார்ந்த அட்டவணையிடம் கேள்வியை அனுப்புகிறது. அட்டவணை ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு விவரிப்பானைத் தருகிறது. ஒரு வரிசையின் அமைப்பை அறிந்திருப்பது அட்டவணைதான் என்பதால் இந்த ஒப்படைப்பு மிகப் பொருத்தமானது. ஆனால் அட்டவணையில் ஒரு வரிசைகூட இல்லையென்றால் யாரிடம் கேட்பது? திரையில் நெடுவரிசைத் தலைப்புகளாவது வர வேண்டுமே. அதற்காக ஐ-டைப்டு லிஸ்ட் என்ற இன்னோர் இடைமுகம் இருக்கிறது. இது பட்டியலின் மட்டத்திலேயே, தன்னுள் வரும் பொருள்களின் பண்புகள் இவை என்று அறிவிக்கிறது. வரிசைகளின் தொகுப்பான டேட்டா வியூ இதைச் செயல்படுத்துகிறது. மாறும் பண்புகள் கொண்ட பொருள்களை அட்டவணையில் காட்ட விரும்பும் எவரும், பொருளின் விவரிப்போடு பட்டியலின் விவரிப்பையும் சேர்த்தே எழுதத் திட்டமிட வேண்டும்.

வழங்குநர்களுக்கு நடைமுறையில் நல்ல உதாரணம் ஒன்று 2008-இல் டாட்நெட் 3.5-இன் முதல் சர்வீஸ் பேக்கோடு வந்தது. தரவுத்தளத்திலிருந்து வகுப்புகளைக் கருவிகளே உருவாக்கித் தரும் முறை அப்போது பரவியிருந்தது. அப்படி உருவான கோப்பில் நாம் ஓர் அட்ரிபியூட்டைக் கையால் சேர்த்தால், அடுத்த முறை கருவி கோப்பை மீண்டும் எழுதும்போது அது அழிந்துவிடும். ஆகவே இந்தப் பண்பு கட்டாயம், அதன் நீளம் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது போன்ற குறிப்புகளைத் தாங்கும் துணை வகுப்பு ஒன்றைத் தனியாக எழுதி, மெட்டாடேட்டா டைப் என்ற அட்ரிபியூட்டால் மூல வகுப்போடு இணைக்கும் வசதி தரப்பட்டது. துணை வகுப்பைப் படித்து, அதில் உள்ள அட்ரிபியூட்டுகளை மூல வகுப்பின் விவரத்தோடு கலந்து தருவது அதற்கெனவே எழுதப்பட்ட ஒரு வழங்குநரின் வேலை. கன்சோல் நிரலிலோ சோதனை நிரலிலோ துணை வகுப்பின் விதிகள் செயல்படவில்லை என்று பலர் குழம்புவதற்குக் காரணம், அங்கே அந்த வழங்குநரை யாரும் பதிவு செய்யாததே.

இந்த முழு ஏற்பாடும், கேட்பவர் டைப் டிஸ்கிரிப்டரிடம் கேட்கும்போது மட்டுமே பலிக்கும் என்பதைத் தெளிவாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் ஃபார்ம்ஸ் அப்படிக் கேட்கிறது. விண்டோஸ் திரைகளை அமைக்கும் இன்னொரு நூலகமான டபிள்யூபிஎஃப்-இன் தரவுப் பிணைப்பும் ஐ-கஸ்டம் டைப் டிஸ்கிரிப்டரையும் பதிவான வழங்குநர்களையும் மதிக்கிறது. டாட்நெட்டோடு வரும், ஜேசன் என்ற உரை வடிவில் தரவை எழுதித் தரும் நூலகமான சிஸ்டம் டெக்ஸ்ட் ஜேசன் அப்படிக் கேட்பதில்லை. அது வகுப்பின் உண்மையான பண்புகளைத்தான் பார்க்கிறது. ஆகவே விவரிப்பின் மூலம் சம்பளப் பண்பைத் திரையில் மறைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் அதே ஊழியர் பொருளை ஜேசனாக வெளியே அனுப்பினால், சம்பளமும் சேர்ந்தே போகும். விவரிப்பை மாற்றுவது திரையில் தோன்றுவதை மாற்றும் வழியே தவிர, தகவலைக் காக்கும் வழியாக அதை ஒருபோதும் கருதக் கூடாது. சி ஷார்ப் நிரலிலும், நிலையம் என்ற பொருளுக்குப் பின் புள்ளி வைத்து வெப்பநிலை என்று எழுதினால் கம்பைலர் ஏற்காது. மொழியின் அளவில் மாறும் பண்புகள் வேண்டுமென்றால், 2010-இல் சி ஷார்ப் 4.0-இல் வந்த டைனமிக் வசதி தனிப் பாதை. ரிஃப்ளெக்‌ஷனின் பக்கத்திலும் ஒப்படைப்புக்கு ஒரு வகுப்பு உண்டு: ஒரு டைப் பொருளைப் போர்த்தி, மாற்றி எழுதாத எல்லாக் கேள்விகளையும் அதனிடமே அனுப்பும் டைப் டெலிகேட்டர்.

வழங்குநரை ஒரு வகைக்குப் பதிவு செய்தால், அந்த நிரல் முழுவதும் அந்த வகையின் எல்லாப் பொருள்களுக்கும் அது பொருந்தும். ஒரு திரைக்காகச் செய்த மாற்றம் இன்னொரு திரையிலும் தலைகாட்டும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் வேறு தோற்றம் வேண்டுமென்றால் போர்வை வகுப்பே மேல். நம் கெட் பிராப்பர்ட்டீஸ் எத்தனை முறை அழைக்கப்படும் என்பது நம் கட்டுப்பாட்டில் இல்லாததால், விவரிப்பான்களை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்காமல் ஒருமுறை கட்டிய பட்டியலைச் சேமித்து வைத்து, அகராதியில் புதிய அளவீடு சேரும்போது மட்டும் திரும்பக் கட்டுவது நல்லது.

அண்மைக் காலத்தில் இன்னொரு கவனமும் தேவைப்படுகிறது. வெளியீட்டின் அளவைக் குறைப்பதற்காக, பயன்படுத்தப்படாதவை என்று தோன்றும் பகுதிகளை வெட்டியெடுக்கும் டிரிம்மிங் முறை இப்போதைய டாட்நெட்டில் உண்டு. டைப் டிஸ்கிரிப்டரோ நிரல் ஓடும்போதுதான் பண்புகளைத் தேடிப் போகிறது. வெட்டும் கருவிக்கு அந்தத் தேவை முன்கூட்டியே தெரியாது. நிரலில் எங்கும் நேரடியாகக் குறிப்பிடப்படாத உயரம் என்ற பண்பு இப்படித்தான் வெளியீட்டில் காணாமல் போகக்கூடும். இதற்காக 2024-இல் வெளியான டாட்நெட் 9, டைப் டிஸ்கிரிப்டரில் ரிஜிஸ்டர் டைப் என்ற செயற்கூற்றைச் சேர்த்தது. எந்தெந்த வகைகளின் விவரம் இயங்கும்போது கேட்கப்படும் என்பதை அதன் மூலம் முன்னதாகவே பதிந்துவிட்டால், அந்த வகைகளின் பண்புகளை வெட்டும் கருவி தொடாமல் விட்டுவிடும்.